இளம் குவார்ட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணியின் ஏறத்தாழ ஒவ்வொரு ஆட்டத்துண்டும் குவார்ட்டர்பேக்கின் கையில் பந்து வந்து சேர்வதில்தான் தொடங்குகிறது. பந்தை எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டரை நொடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணிகள் ஆண்டுதோறும் ஏப்ரலில் டிராஃப்ட் என்ற தேர்வில் முறைவைத்துக் கல்லூரியிலிருந்து இளைஞர்களை எடுக்கின்றன. கணிப்பு தவறுவது அங்கே அன்றாட விஷயம். 2021 டிராஃப்டின் முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள்: டிரெவர் லாரன்ஸ், சாக் வில்சன், டிரே லான்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், மாக் ஜோன்ஸ். 2024 சீசன் தொடங்கியபோது தன்னை எடுத்த அணியிலேயே இருந்தவர் லாரன்ஸ் ஒருவர்தான். இப்படித் தவறுவதில் பெரும்பகுதிக்கு ஒரே காரணம்தான்: எது அந்த இளைஞருடையது, எது அவரைச் சுற்றியிருக்கும் அணியுடையது என்று பிரித்துப் பார்க்காமல் விடுவது. கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்தப் பிரிப்பைப் பற்றியவை.

எத்தனை ஆட்டம் பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வரலாம்?

நான்கைந்து ஆட்டங்களில் எதுவும் தெரியாது. ஒரு முழு சீசன், அதாவது 17 ஆட்டமும் சுமார் 500 எறிதலும், ஒரு கோட்டோவியத்தைக் காட்டும். இரண்டு சீசன், ஆயிரம் எறிதல் ஆனால் முகம் தெரியும்.

அணிகளுக்கு இதைவிட அதிகம் காத்திருக்க நேரமும் கிடையாது. டிராஃப்டில் எடுக்கப்பட்ட எல்லோருக்கும் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்றில் எடுத்தவரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவதா என்று மூன்றாம் சீசன் முடிந்த அடுத்த மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லிவிட வேண்டும். புதிய நீண்ட ஒப்பந்தம் பேசுவதற்கும் மூன்று சீசன் முடிந்திருக்க வேண்டும். ஆக மூன்றாம் ஆண்டுதான் இயல்பான தீர்ப்பு நாள்.

ஜாஷ் ஆலன் 2018-இல் 7-ஆவது ஆளாக பஃபலோ பில்ஸுக்குப் போனார். முதல் ஆண்டில் அவர் எறிந்த பந்துகளில் 52.8 சதவீதம்தான் கைசேர்ந்தன. 2019-இல் 58.8. மூன்றாம் ஆண்டான 2020-இல் 69.2 சதவீதம், 37 டச் டவுன் (எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது). முதல் ஆண்டைப் பார்த்துத் தீர்ப்பெழுதியவர்கள் எல்லோரும் தோற்றார்கள். ஆனால் இதை வைத்து எல்லோருக்கும் மூன்றாண்டு கொடுத்தால் எல்லோரும் ஆலன் ஆவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குக் கிடைத்தது காலம் மட்டும் இல்லை. 2018 முதல் 2021 வரை பிரையன் டபோல் என்ற ஒரே தாக்குதல் பயிற்சியாளர் இருந்தார். 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற முதல்தர ரிசீவரும் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) வந்து சேர்ந்தார்.

முதல் ஆண்டு எண்களில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம்?

மொத்த யார்டு (முன்னேறிய தூரம்; ஒரு யார்டு மூன்று அடி), வெற்றி தோல்விக் கணக்கு, இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிராளி பறித்துப் பிடிப்பது) எண்ணிக்கை ஆகிய மூன்றையும் முதல் ஆண்டில் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ட்ராய் ஐக்மன் 1989-இல் தொடங்கிய 11 ஆட்டத்திலும் தோற்றார். பிறகு டல்லாஸுக்கு மூன்று சூப்பர் போல் (என்.எஃப்.எல். இறுதியாட்டம்) வென்று கொடுத்தார்.

இன்டர்செப்ஷனில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். ரிசீவரின் கையில் பட்டுத் துள்ளிய பந்து, கடைசி நொடியில் வேறு வழியின்றி வீசியது என்று எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். லீக் சராசரி சுமார் 100 எறிதலுக்கு இரண்டு சொச்சம். 500 எறிதலில் 11 பறிபோவதற்கும் 15 பறிபோவதற்கும் இடையிலான வித்தியாசம் நான்கே நான்கு பந்து. பறிபோன பந்துகளை விட்டுவிட்டு, பறிபோகத் தகுந்த மோசமான எறிதல்களை நீங்களே காணொளியில் எண்ணுங்கள். எண்ணிக்கை கூடும், உண்மையும் கூடும்.

நம்பத் தகுந்தவை இரண்டு. ஒன்று, எதிராளிகள் பாய்ந்து நெருக்கடி வரும்போது எத்தனை முறை சாக் ஆகிறார், அதாவது எறியும் முன்பே பந்தோடு வீழ்த்தப்படுகிறார் என்பது. மற்றொன்று, 10 முதல் 20 யார்டு தூரத்துக்கு எறியும் பந்தின் துல்லியம். பெய்டன் மானிங் 1998-இல் தன் முதல் சீசனில் 28 இன்டர்செப்ஷன் எறிந்தார், புதுமுக வீரர் ஒருவருக்கு அது இன்றும் சாதனை எண். அணி 13 ஆட்டம் தோற்றது. ஆனால் அதே சீசனில் 575 எறிதலுக்கு அவர் 22 முறைதான் சாக் ஆனார். யார் எங்கே வருகிறார்கள் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தது, பந்து நேரத்துக்குக் கையைவிட்டுப் போயிற்று. இன்டர்செப்ஷனைப் பார்த்தவர்கள் பயந்தார்கள். சாக் எண்ணிக்கையைப் பார்த்தவர்களுக்குப் பயப்பட எதுவும் இருக்கவில்லை.

சாக் ஆவது ஆஃபென்சிவ் லைனின் தவறில்லையா?

பாதிதான். நெருக்கடி வருவது, குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் தடுப்பாளர் வரிசையான லைனைப் பொறுத்தது. வந்த நெருக்கடி சாக் ஆக முடிவது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கைப் பொறுத்தது. அதனால் சாக் எண்ணிக்கையை எறிதல் எண்ணிக்கையால் வகுப்பதோடு நிற்காமல், நெருக்கடி வந்த ஆட்டத்துண்டுகளாலும் வகுத்துப் பாருங்கள். ஐந்து நெருக்கடிக்கு ஒரு சாக் என்பது லீக்கின் நடுநிலை. ஏழெட்டுக்கு ஒன்று என்றால் சிறப்பு. நான்குக்கு ஒன்று என்று இரண்டு ஆண்டு தொடர்ந்தால் கவலைப்பட வேண்டும்.

காணொளியில் பொறுப்பைப் பிரிக்க ஒரு எளிய முறை: ஸ்னாப் ஆன, அதாவது பந்து குவார்ட்டர்பேக்குக்குத் தரப்பட்ட கணத்திலிருந்து நொடிமானியை ஓட்டுங்கள். 2.5 நொடிக்குள் தடுப்பாளர் ஒருவர் தனியாகத் தோற்று எதிராளி உள்ளே வந்துவிட்டால் லைனின் கணக்கு. 3 நொடி தாண்டியும் பந்து கையிலேயே இருந்தால் குவார்ட்டர்பேக்கின் கணக்கு. இடையில் மாட்டுவது ப்ளிட்ஸ், அதாவது வழக்கத்தைவிட அதிகம் பேர் பாய்வது. தடுக்க ஐந்து பேர் இருக்கும்போது ஆறு பேர் பாய்ந்தால் ஒருவர் கட்டாயம் தடையில்லாமல் வருவார். அவர் எங்கிருந்து வருவார் என்று ஸ்னாப்புக்கு முன்பே கண்டு, அவர் விட்டுவந்த இடத்தில் பந்தைப் போட வேண்டியது குவார்ட்டர்பேக்கின் வேலை. ஆகவே தடையின்றி வந்தவரிடம் மாட்டினால் லைனை மட்டும் குறை சொல்ல முடியாது.

இதிலும் விதிவிலக்கு உண்டு. 2002-இல் புதிதாகப் பிறந்த ஹூஸ்டன் டெக்ஸன்ஸில் டேவிட் கார் ஒரே சீசனில் 76 முறை சாக் ஆனார். அந்த லைனுக்குப் பின்னால் நின்ற யாரையும் அந்த எண்ணை வைத்து எடைபோட முடியாது. சிகாகோவின் கேலப் வில்லியம்ஸ் 2024-இல் 68 முறை சாக் ஆனார். அடுத்த ஆண்டு பென் ஜான்சன் தலைமைப் பயிற்சியாளராக வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. சாக் என்பது பழக்கம், எளிதில் போகாத பழக்கம்; ஆனால் விரைவாக எறியும் திட்டமும் நல்ல லைனும் சேர்ந்தால் மாற்ற முடிகிற பழக்கம்.

ஒரே ஒரு எண்ணில் பார்க்க வேண்டுமென்றால்?

சாக்கையும் சேர்த்துச் சரிசெய்த, ஓர் எறிதலுக்கான நிகர யார்டைப் பாருங்கள். எறிந்து பெற்ற யார்டுடன் ஒவ்வொரு டச் டவுனுக்கும் 20 கூட்டுங்கள். ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் 45 கழியுங்கள். சாக்கில் இழந்த யார்டையும் கழியுங்கள். வருவதை, எறிதலும் சாக்கும் சேர்ந்த மொத்தத்தால் வகுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: 500 எறிதல், 3,600 யார்டு, 22 டச் டவுன், 12 இன்டர்செப்ஷன், 40 சாக்கில் 260 யார்டு இழப்பு. 3,600 + 440 − 540 − 260 = 3,240. அதை 540-ஆல் வகுத்தால் 6.0. ஏறத்தாழ லீக் சராசரி அதுதான். 7-ஐத் தாண்டினால் உயர்தரம். முதல் ஆண்டில் 5-க்குக் கீழே இருப்பது சாதாரணம், மூன்றாம் ஆண்டிலும் அங்கேயே இருந்தால் அணி வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிடும்.

கல்லூரிக் காலத்திலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

முதலில் எத்தனை ஆட்டம் தொடக்க வீரராக ஆடினார் என்று பாருங்கள். மிச்சல் ட்ருபிஸ்கி 13 ஆட்டம் தொடங்கியிருந்த நிலையில் 2017-இல் 2-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். டிரே லான்ஸ் 17 ஆட்டம். அவருக்காக சான் ஃப்ரான்சிஸ்கோ அடுத்த இரண்டு ஆண்டின் முதல்சுற்று உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தது. கடைசியில் அந்த அணிக்காக அவர் தொடங்கியது நான்கே ஆட்டம். மறுபக்கம் ஜேடன் டேனியல்ஸ் 55 ஆட்டம் தொடங்கிவிட்டு வந்தார், 2024-இல் முதல் ஆண்டிலேயே வாஷிங்டன் 12 ஆட்டம் வென்றது. குறைந்த ஆட்டம் என்பது திறமைக் குறைவுக்குச் சான்றாகாது. நாம் பார்த்த சரக்கு குறைவு, அவர் பார்த்த தற்காப்பு வகைகளும் குறைவு, அவ்வளவுதான்.

ஆட்டம் அதிகமானால் வயதும் அதிகமாகும். 23 வயதுக்காரர் 19 வயதுத் தற்காப்பு வீரர்களுக்கு எதிராக எடுத்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அவர் 20, 21 வயதில் எப்படி ஆடினார் என்பதையும் தேடிப் பாருங்கள்.

பலரும் தவறவிடும் ஒன்று மைதானத்தின் கோடுகள். பந்தை வைக்கும் இரு உட்கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.-இல் 18 அடி 6 அங்குலம். மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடிதான். எனவே கல்லூரியில் இடது உட்கோட்டிலிருந்து வலது எல்லைக்கு 100 அடி, என்.எஃப்.எல்.-இல் சுமார் 89 அடி. அந்தத் தொலைவான பக்கம் முழுவதும் கல்லூரியில் ரிசீவர்களுக்குத் திறந்த வெளி. அங்கே ஓடவிட்டுக் குறுகிய பந்து எறிந்தே பெரிய எண்கள் எடுக்கலாம். என்.எஃப்.எல்.-இல் அந்த வெளி கிடையாது. கல்லூரிக் காணொளியில், தொலைவான எல்லைக்கோட்டை நோக்கி 15 யார்டு ஆழத்துக்கு நேராக எறிந்த பந்துகளை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். கை பலமும் நேரமும் இரண்டுமே அங்கே தெரியும்.

கை பலம், உயரம், உள்ளங்கை அளவு முக்கியமா?

கை பலம் ஒரு வாசற்படி போன்றது. தாண்டினால் போதும், அதற்கு மேல் எவ்வளவு உயரம் என்பதற்குத் தனி மதிப்பில்லை. 2007-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸலுக்கு அசாத்தியமான கை. மூன்று சீசனில் வெளியேறினார்.

உயரம் குறைந்தால் நடுப்பகுதிக்கு எறிவது கடினமாகும், பந்து லைனில் தட்டப்படும். ரஸல் வில்சன் 5 அடி 11 அங்குலத்தில் சூப்பர் போல் வென்றார், ஆகவே இது தடையாகாது. ஆனால் அணி அதற்கேற்றபடி அவரைப் பாக்கெட்டிலிருந்து (லைன் சூழ்ந்து காக்கும் இடம்) நகர்த்தி ஆட வைக்க வேண்டும். உள்ளங்கை அளவு, அதாவது விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை, ஆண்டுதோறும் பெரிதாகப் பேசப்படும். ஜோ பர்ரோவுக்கு 9 அங்குலம்தான். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

காணொளி பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

தொலைக்காட்சி ஒளிபரப்பு போதாது, அது பந்தைப் பின்தொடரும். 22 வீரர்களும் ஒரே சட்டத்தில் தெரியும் பயிற்சியாளர் காணொளி வேண்டும். அதில் பக்கவாட்டுக் கோணம், பின்புறக் கோணம் இரண்டும் இருக்கும். முதலில் பக்கவாட்டு, பிறகு பின்புறம்.

மூன்று ஆட்டம் தேர்ந்தெடுங்கள்: வலுவான தற்காப்புக்கு எதிராக ஒன்று, பலவீனமான அணிக்கு எதிராக ஒன்று, ஏற்கெனவே அதே சீசனில் சந்தித்த அணியோடு மறுமுறை ஆடியது ஒன்று. மூன்றாவதில்தான் எதிரணி அவரைப் பற்றி என்ன கற்றது, அதற்கு அவர் என்ன பதில் வைத்திருந்தார் என்று தெரியும்.

ஒவ்வோர் எறிதலையும் நான்கு முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் ஸ்னாப்புக்கு முன் பின்வரிசையில் ஆழமாக நிற்கும் சேஃப்ட்டிகள் ஒருவரா இருவரா என்று குறியுங்கள். ஸ்னாப்புக்குப் பிறகு அது மாறியதா என்றும் குறியுங்கள். இருவராக நின்று ஒருவராக மாறுவது இன்றைய தற்காப்புகளின் வழக்கமான ஏமாற்று. இளம் குவார்ட்டர்பேக் தடுமாறுவது பெரும்பாலும் அந்த மாற்றத்தில்தான். இரண்டாம் ஓட்டத்தில் கால்களை மட்டும் பாருங்கள்: பின்காலில் சாய்ந்து எறிகிறாரா, நெருக்கடியில் பின்னோக்கி ஓடுகிறாரா, முன்னோக்கி ஓரடி வைத்து இடம் தேடிக்கொள்கிறாரா? பின்னோக்கி ஓடுபவரே அதிகம் சாக் ஆகிறார். மூன்றாவதில் கண்: முதலில் பார்த்த ரிசீவர் மூடப்பட்டபோது இரண்டாமவருக்கு நகர்ந்தாரா, அல்லது உடனே ஓடத் தொடங்கினாரா? நான்காவதில் பந்து விழுந்த இடம். பிடித்தாரா என்பதை மறந்துவிடுங்கள். ஓடும் ரிசீவரின் மார்புக்கு முன்னால் வந்ததா, அவரை நின்று திரும்பிப் பிடிக்க வைத்ததா? பின்தோளில் விழுந்த பந்தைப் பிடித்தாலும் அதற்குப் பின் ஓட முடியாது. எண்களில் அது வெற்றிகரமான எறிதலாகவே பதிவாகும்.

எல்லா எறிதலுக்கும் நேரமில்லையென்றால் மூன்றாம் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்டவற்றை மட்டும் பாருங்கள். அவர் எறியப் போகிறார் என்று அரங்கம் முழுவதற்கும் தெரிந்த தருணங்கள் அவை. திட்டமிட்ட ஏமாற்றுகளால் கிடைக்கும் உதவி அங்கே குறைவு.

நன்றாக ஓடும் குவார்ட்டர்பேக் என்றால்?

ஓட்டம் தரையை உயர்த்தும். எறிதல் இன்னும் பழுக்காத முதல் இரண்டு ஆண்டில் அணியைத் தோல்வியிலிருந்து காக்கும். ஆனால் கூரையை உயர்த்துவது எறிதல்தான். ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் 2022-இல் 1,143 யார்டு ஓடினார். எறிதல் வளரவில்லை, 2024-இல் சிகாகோ அவரை விட்டது. 2018-இல் 32-ஆவதாக எடுக்கப்பட்ட லமார் ஜாக்சன் இரண்டும் சேர்ந்து 2019, 2023 சீசன்களின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றார். ஓட்டத்தின் யார்டை விட்டு, அது எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். கண்கள் களத்தின் மேலே இருக்கும்போதே கால் நகர்ந்தால் நல்லது. கண் கீழே இறங்கிவிட்டால் திறந்து நிற்கும் ரிசீவரை அவர் பார்க்கப் போவதில்லை.

பயிற்சியாளரின் பங்கையும் ரிசீவரின் பங்கையும் எப்படிக் கழிப்பது?

கடினமான கேள்வி. முழுமையாகக் கழிக்கவும் முடியாது. ஜாரெட் காஃப் 2016-இல் தொடங்கிய ஏழு ஆட்டத்திலும் தோற்றார். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்ததும் 28 டச் டவுன், 7 இன்டர்செப்ஷன். ஆள் அதேதான். அலெக்ஸ் ஸ்மித்துக்கு 2005 முதல் நான்கு ஆண்டில் நான்கு தாக்குதல் பயிற்சியாளர்கள். ஒவ்வொரு கோடையிலும் புதிய மொழி கற்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் ஒரு டச் டவுன், 11 இன்டர்செப்ஷன். 2011-இல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்த பிறகு அணி 13 ஆட்டம் வென்றது. எதிர்த்திசைக்கும் உதாரணம் உண்டு: மாக் ஜோன்ஸ் 2021-இல் நன்றாகத் தொடங்கினார், தாக்குதல் பயிற்சியாளர் ஜாஷ் மெக்டேனியல்ஸ் போனதும் சரிந்தார்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். லைனுக்குப் பின்னால் பிடிக்கப்பட்ட ஸ்க்ரீன் பந்துகளை நீக்குங்கள். ஓட்டம்போல நடித்துவிட்டு எறிந்த ப்ளே-ஆக்‌ஷன் பந்துகளையும் நீக்குங்கள். இரண்டும் பயிற்சியாளரின் வடிவமைப்பால் கிடைப்பவை. மிஞ்சும் எறிதல்களில் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பிறகு, அதே அணியில் அதே ரிசீவர்களோடு மாற்று ஆட்டக்காரர் வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். மாற்று ஆளும் அதே எண்களை எடுத்தால் புகழ் திட்டத்துக்குரியது.

முதல் ஆண்டு உட்கார வைப்பது நல்லதா?

பேட்ரிக் மஹோம்ஸ் 2017-இல் ஓர் ஆட்டம் மட்டும் தொடங்கினார், அடுத்த ஆண்டு 50 டச் டவுன். ஜோர்டன் லவ் மூன்று ஆண்டு காத்திருந்து 2023-இல் 32 டச் டவுன் எறிந்தார். ஆனால் லான்ஸும் உட்கார்ந்தார், பயனில்லை. மானிங் உட்காரவே இல்லை. காலசைவையோ கையசைவையோ மாற்றி அமைக்க வேண்டியவருக்குக் காத்திருப்பு உதவும், ஏனென்றால் சீசன் நடுவே அதைத் திருத்த நேரமிருக்காது. லைன் மிக மோசமாக இருந்தாலும் உட்கார வைப்பதே மேல், கெட்ட பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் ஆடட்டும்.

இரண்டாம் ஆண்டில் சரிந்தால் பயப்பட வேண்டுமா?

சி.ஜே. ஸ்ட்ரவுட் 2023-இல் 23 டச் டவுன், 5 இன்டர்செப்ஷன். 2024-இல் 20, 12. சாக் 38-இலிருந்து 52 ஆயிற்று. முதல் சீசன் முடிந்ததும் எதிரணிகள் கோடை முழுவதும் அவர் காணொளியைப் பிரித்து, அவர் விரும்பும் எறிதல்களை மூடிவிடும். சரிவைவிட, அதற்குப் பதில் எவ்வளவு விரைவாக வருகிறது என்பதே செய்தி. ஒரே வகைத் தற்காப்பு ஆறேழு வாரம் தொடர்ந்து அவரை நிறுத்தினால் கவலைக்குரியது. லைனில் காயங்கள், முதன்மை ரிசீவர் இல்லாமை போன்ற காரணம் இருந்தால் இன்னொரு சீசன் கொடுங்கள்.

கைவிடப்பட்டவர் மீண்டும் எழ முடியுமா?

2018-இல் முதலாவதாகப் போன பேக்கர் மேஃபீல்ட் 2023-இல் டாம்பாவில் எழுந்தார். அதே ஆண்டு 3-ஆவதாகப் போன சாம் டார்னல்ட் 2024-இல் மினசோட்டா அணிக்காக ஆடி 14 ஆட்டம் வென்றார். அதே டிராஃப்டில் 10-ஆவதாகப் போன ஜாஷ் ரோசன் எழவில்லை. எழுந்த இருவரிடமும் இறக்கத்தின் போதுகூட 15 யார்டுக்கு மேல் எறியும் நல்ல பந்துகள் காணொளியில் தொடர்ந்து கிடைத்தன. கெட்டுப்போனது நேரமும் முடிவும்தான், அவற்றை நல்ல சூழல் திருத்தும். பந்தே இலக்கில் விழாதவருக்கு அணி மாறுவதால் மட்டும் விடிவு வருவதில்லை.

எண்ணும் காணொளியும் முரண்பட்டால் எதை நம்புவது?

எண் நன்றாகவும் காணொளி சுமாராகவும் இருந்தால் அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். 2022 டிராஃப்டில் 262-ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்ட ப்ராக் பர்டியின் எண்கள் முதல் நாளிலிருந்தே உயர்ந்திருந்தன. கையும் உயரமும் சாதாரணம், சுற்றியிருந்தவர்கள் அபாரம் என்பதால் பலர் நம்பவில்லை. ஆனால் ரிசீவர் திரும்பும் முன்பே பந்து கையைவிட்டுக் கிளம்பியதைப் பின்புறக் கோணத்தில் பார்த்தவர்களுக்கு அவருடைய பங்கு தெரிந்தது. 2025 மே மாதம் சான் ஃப்ரான்சிஸ்கோ அவருடன் ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது.

காணொளி நன்றாகவும் எண் மோசமாகவும் இருந்தால் முதலில் உங்கள் குறிப்புகளைத் திரும்பப் பாருங்கள். அழகான நான்கைந்து எறிதல் மனத்தில் தங்கி, எறியாமல் விட்ட பந்துகளும் சாக்குகளும் மறந்துபோயிருக்கும். அப்போது அந்த ஆட்டத்தை முதல் ஸ்னாப்பிலிருந்து, ஒன்றும் விடாமல், இன்னொரு முறை எண்ணுங்கள்.